முகத்துவாரம் திறவாத கணினி

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோருக்கு முகத்துவாரத்தைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாலமீன்மடுவுக்கு அருகே வாவியும் கடலும் கலக்கும் அவ்விடத்தில் மணல் திரண்டு வாயை அடைத்துவிடுமாயின், மாரி வெள்ளம் போக வழியின்றி வயல்களிலும் வளவுகளிலும் ஏறிவிடும். அதற்காக யாரும் வாவியைத் தூர்த்துவிட்டுப் புதிதாய் ஒன்று வெட்டப் புறப்படுவதில்லை. மணற்றிட்டை ஓரிடத்தில் வெட்டிவிடுகிறார்கள். வெள்ளம் தானே ஓடுகிறது.

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை நிறுவியபின் எழும்ப மறுக்கும் கணினியின் நிலையும் ஏறக்குறைய இதுவே. 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் இதன் கருவை எழுதி வெளியிட்டார். இன்று எவரும் விலையின்றிப் பெறலாம். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் இலங்கையர் ஆக்கிய 'சகானா' என்னும் அனர்த்த முகாமை மென்பொருளும் இத்திறந்த மூல மரபிலே பிறந்ததென்பதை நம் கரையோரத்தார் நினைவிற்கொள்ளத் தகும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு நிறுத்தியது. பதினொன்றாம் பதிப்பை ஏற்க இயலாத பழைய மடிக்கணினிகளை வைத்திருக்கும் மாணவர்க்கு லினக்ஸ் ஒரு நல்ல புகலிடம்.

ஆனால், நிறுவி முடிந்து, யூ.எஸ்.பி. குச்சியைக் கழற்றி, மீளத் தொடக்கினால் கறுப்புத் திரை! வீட்டில் எழும் கலக்கத்தைச் சொல்ல வேண்டுமா? எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் இந்நிலையில் திருத்தகம் ஒன்றுக்கு ஓடினார். "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாய்ப் போட வேண்டும்" என்றார்கள். காலமான பாட்டியாரின் படங்கள் யாவும் அவ்வன்றட்டிலேயே இருந்தன, வேறெங்கும் பிரதியில்லை. நல்லவேளையாக அவர் இணங்கவில்லை. பின்னர் பார்த்தபோது, குறை எதுவென்றால், தொடங்கும் ஒழுங்கில் லினக்ஸின் பெயர் இரண்டாமிடத்தில் நின்றதுதான். அதை முதலிடத்துக்கு நகர்த்த ஐந்து நிமிடமும் செல்லவில்லை. அழிப்பதென்பது திருத்தத்தின் கடைசிப் படியேயன்றி முதற்படி ஆகாது. அதை முதலிலே சொல்பவரிடம் கணினியைக் கொடாதிருத்தலே நன்று என்பது என் துணிபு.

ஆளி அழுத்தப்பட்டதும் நிகழ்வது யாது? தாய்ப்பலகையில் உறையும் நிலைபொருள் முதலில் விழிக்கிறது. பழைய கணினிகளில் அதற்குப் பயோஸ் என்று பெயர், புதியவற்றில் யூஈஎஃப்ஐ. அது நினைவகத்தையும் வன்றட்டையும் சோதித்து, வன்றட்டின் சிறு பகிர்வொன்றில் இருக்கும் தொடக்கியைத் தேடி எழுப்புகிறது. லினக்ஸில் அத்தொடக்கி பெரும்பாலும் 'கிரப்' ஆகும். கிரப் கருவை நினைவகத்தில் ஏற்ற, கரு மற்றவற்றை எழுப்புகிறது. ஆதலின் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இச்சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்தது?

நேரே விண்டோஸ் எழும்புமாயின் ஒழுங்கு பிழை. எஃப் 2 அல்லது டெலீற் சாவியை அழுத்தி உட்புகுந்து மாற்றலாம். சாவி கணினிக்குக் கணினி வேறுபடும். தொடங்கத்தக்க சாதனம் எதுவுமில்லை என்று வந்தால், பழைய பயோஸ் முறையில் நிறுவிவிட்டு யூஈஎஃப்ஐ முறையில் எழுப்ப முயல்கிறோமா என்று பார்க்கவேண்டும். 'கிரப் ரெஸ்கியூ' என்று நின்றால், தொடக்கி விழித்துவிட்டது, தன் கோப்புகளைக் காணாமல் தவிக்கிறது என்பது பொருள். பகிர்வை அழித்தவர்களுக்கும் மாற்றியவர்களுக்கும் இது நேரும். நிறுவிய அதே யூ.எஸ்.பி. குச்சியிலிருந்து லினக்ஸை எழுப்பி, கிரப்பை மட்டும் மீள நிறுவினாற் போதும். அவ்வாறு எழுப்பும்போது பழைய கோப்புகளும் பெரும்பாலும் கண்ணுக்குத் தென்படும். திருத்தத் தொடங்குமுன் அவற்றை வேறோரிடத்துக்குப் பிரதி செய்துவிடுக.

கிரப்பின் பட்டியல் தோன்றி, அதன் பின் திரை கறுத்தால் பெரும்பாலும் வரைகலைச் சில்லோடு பிணக்கு. பட்டியலில் 'ஈ' எழுத்துச் சாவியை அழுத்தி, லினக்ஸ் எனத் தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செற்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து, எஃப் 10 அழுத்தவேண்டும். இம்மாற்றம் அந்த ஒருமுறைக்கே. உள்ளே சென்றபின் உரிய இயக்கியை நிறுவிக்கொள்ளலாம்.

குற்றம் நம்முடையதாகவே இருக்கவேண்டும் என்பதுமில்லை. 2024 ஓகஸ்ட் 13இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட பாதுகாப்பு இற்றைப்படுத்தல், குறையுள்ள பழைய கிரப்புகளைத் தடுக்கும் நோக்கோடு வந்தது. இரண்டு முறைமைகளும் சேர்ந்துள்ள கணினிகளை அது தீண்டாது என்று சொல்லப்பட்டிருந்தும், பல இடங்களில் தீண்டிவிட்டது. முதல்நாள் வரை நன்றாயிருந்த லினக்ஸ், பாரதூரமான பிழை நேர்ந்துவிட்டதென்று அறிவித்து அணைந்தது. நிலைபொருளில் 'செக்கியூர் பூட்' என்னும் காவலைத் தற்காலிகமாய் நிறுத்தி, லினக்ஸுக்குட் புகுந்து, அப்புதிய தடைவிதியை நீக்கி, ஒருமுறை மீளத் தொடக்கியபின் காவலை மறுபடி இடுவதே பரிகாரமாயிற்று. 2025 மே மாதத்து இற்றைப்படுத்தலில் அந்நிறுவனம் இதைச் சீர்செய்தது.

இக்காவலைத் தொடுமுன் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் பகுதி 'பிட்லொக்கர்' பூட்டால் பூட்டப்பட்டிருக்குமாயின், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முதலிலே தாளில் எழுதி வைத்துக்கொள்க. காவல் மாறியதும் விண்டோஸ் அச்சாவியைக் கேட்கக்கூடும். இல்லாதார்க்கு அப்பகுதி திறவாது.

இதுபற்றிக் கடிதம் வரைய விரும்பும் மாணவர்கள், "கணினி எழும்பவில்லை" என்று மட்டும் எழுதாது, திரையில் நின்ற சொற்களை ஓரெழுத்தும் விடாமல் பார்த்தெழுதி, கணினியின் மாதிரிப் பெயரையும் நிறுவிய லினக்ஸின் பதிப்பையும் சேர்த்து அனுப்புவார்களாக.