பீரோவில் ஓர் இடம்

கொங்குச் சீமையில் எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் தாத்தா காலத்து மூலப்பத்திரம் பூச்சி அரிக்காமல் இருக்கும். அதே வீட்டில் பையனுக்கு மூன்று வயதில் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டைக் கேட்டுப் பாருங்கள். “அதுதான் சரியாப் போச்சுங்களே, அதை எதுக்குங்க வெச்சுக்கிட்டு?” என்பார்கள்.

கவாசாகி நோய் வந்து போன பையன் என்றால் அந்தப் பதில் ஆபத்தானது.

1967-ல் ஜப்பானிய டாக்டர் டொமிசாகு கவாசாகி விவரித்த நோய் இது. ஐந்து நாளாகியும் இறங்காத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு. ரத்தக் குழாய்களில் அழற்சி. கவனிக்காமல் விட்டால் 100-ல் 25 குழந்தைகளுக்கு, இதயத்துக்கு ரத்தம் தரும் கொரோனரி குழாய் பலூன் மாதிரி வீங்கும். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அது சுமார் 5 ஆகக் குறையும்.

குழாய் வீங்கவே இல்லையென்றால் பயம் வேண்டாம். வீங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஓரிரு வருடத்தில் ஸ்கேனில் வீக்கம் மறைந்துவிடும். ஆனால், குழாயின் சுவர் பழையபடி ஆவதில்லை. பின்னாளில் சுருங்கலாம், அடைக்கலாம். வீக்கம் 8 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் ஆஸ்பிரினோடு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாதிரி மருந்தும் வருடக்கணக்கில் தேவைப்படும்.

பதினெட்டு வயதானதும் ‘இனி குழந்தை டாக்டரிடம் வராதே’ என்கிறோம். யாரிடம் போவது என்று சொல்கிறோமா? தெருவுக்குத் தெரு ஹார்ட் ஆஸ்பத்திரி இருக்கிற கோவையிலேயே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வயதில் திருப்பூர் பனியன் கம்பெனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், “கேஸ்தான், ஒரு சோடா குடி” என்பார்கள். அவன் சிறுவயதுக் கதை அவனுக்கே தெரியாதே!

பெண் பிள்ளையென்றால் இன்னும் மோசம். ‘பொண்ணு பாக்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சா?’ என்று மறைக்கிறார்கள். வார்ஃபரின் கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கும். மாத்திரையை மாற்ற டாக்டருக்கு விஷயம் தெரிய வேண்டாமா? தாயும் பிள்ளையுமாக இரண்டு உயிரைப் பணயம் வைத்தா ஒரு கல்யாணம்?

சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில் 1990-களிலிருந்து இந்தக் குழந்தைகளை விடாமல் தொடர்ந்து பார்க்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆஸ்பத்திரிகளே, பதினெட்டு வயதில் பிள்ளையைப் பெரியவர்களுக்கான இதய டாக்டரிடம் ஃபைலோடு ஒப்படையுங்கள். பெற்றோரே, பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டைப் பத்திரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

பத்திரம் தொலைந்தால் ரிஜிஸ்டர் ஆபீஸில் நகல் கிடைக்கும். பிள்ளை தொலைந்தால்?