வின்டோஸை விட்டேன், வலோரன்ட் போச்சு

2025 ஒக்டோபர் 14 உடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. 11க்குப் போக டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். என்னுடையது 6ஆம் தலைமுறை. ஹட்டனில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய லெப்டொப். நல்லாத்தான் ஓடுது. ஆனா அது பழசு என்று எங்கேயோ இருக்கிற ஒருத்தர் முடிவு பண்ணிட்டார். நாள் முழுக்கக் கொழுந்து பறிச்சிட்டு வர்ற அம்மாகிட்ட "புதுசு வாங்கித் தாங்க" என்று கேட்க எனக்கு வாய் வரல்ல.

இரவு டேட்டாவில் லினக்ஸ் மின்ட் இறக்கினேன்.

"கேம் விளையாடுறவனுக்கு அது சரிவராது மச்சான்" என்றான் கூட்டாளி. பாதி பிழை. டோட்டா 2 லினக்ஸில் நேரடியாகவே ஓடும். வின்டோஸுக்கு மட்டும் வந்த பல கேம்களை, 2018இல் ஸ்டீமில் வால்வ் சேர்த்த புரோட்டான் ஓட்டிவிடும். கேம் வின்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் அதன் வேலை.

மீதிப் பாதி உண்மை. வலோரன்ட் ஓடாது. கள்ள ஆட்டம் பிடிக்கிற அதன் வான்கார்ட், வின்டோஸின் கேர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்வது. ஃபோர்ட்நைட்டும் இல்லை. லினக்ஸ் புகழ் பாடுகிற அண்ணாமார் இதை மெதுவாக விழுங்கிவிடுவார்கள். எங்க செட் சனிக்கிழமை இரவில் கூடுகிற இடமே வலோரன்ட்தான், அது சின்ன இழப்பில்லை.

என்றாலும் ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போட நான் தயாரில்லை. இப்போ எல்லாரையும் டோட்டாவுக்கு இழுக்கிறேன். ஒருத்தன் வந்திருக்கான்.