பிழையும் வழுவமைதியும்

வியாசர்பாடியை ஒட்டியிருக்கும் எங்கள் எம்.கே.பி. நகரின் முழுப்பெயர் மகாகவி பாரதி நகர் என்பதை, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிலும் சிலர் அறியமாட்டார்கள். ஒரு தமிழ்க் கவியின் திருநாமத்தை மூன்று ஆங்கில எழுத்துக்களாகச் சுருக்கிப் பேருந்தின் நெற்றியில் எழுதிவைத்திருப்பது பிழையா என்று யாரேனும் கேட்டால், பிழை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பிழையன்று என்று சொல்ல மனம் ஒப்புவதுமில்லை. இத்தகைய இரண்டுங்கெட்டான் நிலைக்கு நம் இலக்கண ஆசிரியர்கள் ஒரு பெயரே வைத்திருந்தார்கள். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இந்தச் சிந்தனையைக் கிளறிவிட்டவள், எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் மாலைதோறும் கையேடும் பென்சிலுமாக உட்கார்ந்து குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கும் மேல்வீட்டுப் பெண். கிணறு கிணற்றில் ஆவதுபோலச் சுவர் சுவற்றில் ஆகாது, சுவரில் என்பதே சரி; முயற்சித்தான் தப்பு, முயன்றான் சரி; இவற்றையெல்லாம் மந்திரம்போல உருப்போட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் என்னைப் பார்த்து, “இன்னா தாத்தா, அருகாமைன்னா தப்பாமே? நம்ம எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்?” என்றாள். அருகுதல் என்றால் குறைதல். ஆதலால் அருகாமை என்றால் குறையாமை என்றே பொருள்படும், பக்கம் என்று பொருள்படாது என்று பண்டிதர் சொல்லும் காரணத்தைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள், நம்பியதாகத் தெரியவில்லை.

பிழையறியும் பயிற்சியே வேண்டாம் என்று வாதிப்பவன் அல்லேன் நான். ‘தந்த பலகை’ என்றால் ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தாலான பலகை. ஒற்றை மெய்யெழுத்தில் விலையே மாறிவிடுகிறது. நாளைக்குக் கிராம நிர்வாக அலுவலராகவோ இளநிலை உதவியாளராகவோ அமர்ந்து, பிறர் சொத்தையும் வாரிசுரிமையையும் பற்றி எழுதப்போகிறவருக்கு இந்த நுட்பம் அவசியமே. 2021 டிசம்பரில் அரசு பிறப்பித்த ஆணையின்படி, குரூப் 4 தேர்வின் தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காதவருடைய மற்றப் பகுதி திருத்தப்படுவதே இல்லை. அதையும் நியாயம் என்றே கொள்கிறேன்.

என் மனத்தாங்கல் வேறு. இப்போதைய பாடத்திட்டத்தில் தமிழுக்குரிய 100 வினாக்களில் இலக்கணத்துக்கு 25, சொல்லகராதிக்கு 15 என்று பகுத்துவிட்டு, ‘எழுதும் திறன்’ என்னும் தலைப்பின் கீழும் 15 வினாக்களை வைத்திருக்கிறார்கள். இந்த எழுதும் திறனை நிரூபிப்பதற்கு ஒருவர் ஓரெழுத்தும் எழுத வேண்டியதில்லை என்பதுதான் விசித்திரம்! விடைத்தாளில் ஒரு வட்டத்தைக் கருமையாக்கினால் போதும். தீராத சந்தேகமானால் அதற்கும் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: விடை தெரியவில்லை.

அமெரிக்காவிலும் இப்படியொரு பரீட்சை இருந்தது. பி.எஸ்.ஏ.டி. என்னும் அத்தேர்வின் பிழையறியும் வினாக்களில் ஐந்தாவது விடை ‘பிழை இல்லை’ என்பது. 2002 அக்டோபரில், டோனி மாரிசனின் மேதைமை அவரை இன்ன விதமான நாவல்கள் படைக்கச் செய்கிறது என்னும் கருத்துடைய ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதில் பிழையில்லை என்பதே சரியான விடை என்று தேர்வு நடத்தியவர்கள் தீர்மானித்திருந்தார்கள். மேரிலாந்தில் ஓர் ஆசிரியர், ‘மாரிசனின்’ என்று வேற்றுமையேற்று நிற்கும் பெயரை ‘அவரை’ என்னும் சுட்டுப்பெயர் சுட்டுவது பழைய விதிப்படி பிழையாகும் என்று விடாப்பிடியாக வழக்காடினார். இறுதியில் 2003இல் அந்த வினாவையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். (தமிழில் இந்தத் தொல்லை இல்லை, ‘பாரதியின் மேதைமை அவரை’ என்று எழுதினால் எந்தப் புலவரும் புருவத்தை உயர்த்தமாட்டார்.) பண்டிதர்களே உடன்படாத இடத்தில் பதினாறு வயதுப் பிள்ளை ஒரே வட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம்மவர்கள் இவ்விஷயத்தில் மிகுந்த விவேகிகளாக இருந்திருக்கிறார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாக வகுத்த நம் இலக்கணம், வழு, வழாநிலை என்னும் இரண்டோடு நின்றுவிடாமல், வழுவமைதி என்று மூன்றாவதாக ஒன்றையும் வைத்தது. இலக்கணப்படி வழுவாயினும், தக்க காரணம் இருந்தால் அமைத்துக்கொள்ளலாம் என்பது அதன் தாத்பரியம். நான் இதை அந்தப் பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதே மேல்மாடியிலிருந்து அவள் தாயார், “தோசை ஆறுது, வாடா ராசா” என்று குரல்கொடுத்தாள். மகளை ‘ராசா’ என்று அழைத்தது பால்வழு. உவகையினால் அழைத்தபடியால் அது வழுவமைதி. பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நன்னூலில் அத்தாய்க்கு அனுமதி வழங்கிவிட்டார். பரீட்சைத் தாளில் அதற்கு வட்டமில்லை. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை, பள்ளிக்கூடத்தில் ‘லை’யைக் கொம்பு வளைக்காமல் எழுதிய பிள்ளை சிவப்பு மை வாங்கியது; அதன்பின் அதுவே சரியாயிற்று என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

2024ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அத்தனை பேர் கையெழுத்தையும் மனிதர் வாசித்துத் திருத்துவது அசாத்தியம் என்பது எனக்கும் தெரியாததன்று. ஆனால், முதல் அறிவிக்கையில் கண்ட இடங்கள் 6,244தான். இயந்திரம் சலித்தெடுத்தபின் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்படுகிறவர்களை மட்டுமாவது உட்காரவைத்து, ஒரு மனுவோ ஓர் அறிக்கையோ ஒரு பக்க அளவில் எழுதச் சொன்னால் என்ன நஷ்டம்? குரூப் 2 முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித்தாளைக் கைப்பட எழுதத்தானே சொல்கிறார்கள்?

இந்த அபிப்பிராயத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆசையில், சென்ற மழையின்போது எங்கள் குறுக்குத் தெருவில் நீர் தேங்கி நின்ற சமயம், உரிய அதிகாரிக்கு ஒரு மனு எழுதித் தரும்படி அவளைக் கேட்டேன். மாதிரித் தாளில் எழுதும் திறனுக்குப் பதினைந்துக்குப் பதின்மூன்று வாங்கியிருந்த பெண், ‘ஐயா’ என்று எழுதிவிட்டு அரைமணி நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். “என்ன நடந்ததோ அதை எழுதம்மா” என்றேன். பிறகு மளமளவென்று வந்தது: மூன்று நாளாகத் தண்ணீர் வடியவில்லை, சிறுபிள்ளைகளை மீன்பாடி வண்டியில் ஏற்றித்தான் பள்ளிக்கு அனுப்புகிறோம், பள்ளிக்கூடத்துக்கு அருகாமையில் மின்கம்பம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. அந்தச் சொல்லருகே வந்ததும் நின்று, “தாத்தா, மார்க் போயிடும்ல?” என்றாள்.

“மனுவுக்கு ஏதம்மா மார்க்கு?”

சற்று யோசித்து, அதை அடித்துவிட்டுப் ‘பக்கத்தில்’ என்று எழுதினாள். கையேட்டில் அருகாமை பற்றிய வினாவுக்குக் கொடுத்திருந்த விடைகளில் அச்சொல் இல்லை.