தெரிந்து கொள்வோம்: வீட்டிலேயே தோட்டா செய்கிறார்களாமே!



சென்ற மாதம் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டம் அது. சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அக்காள் மகன் கைத்தொலைபேசியை நீட்டினான்.

"மாமா, இதப் பாருங்க. அமெரிக்காக்காரர் ஒருத்தரு வீட்டுலேயே தோட்டா செய்றாரு!"

பார்த்தேன். ஒரு பெரியவர் மேசை முன் அமர்ந்து, பித்தளைக் கூடுகளை ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்துக் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தார். நம் வீட்டில் முறுக்கு பிழிவதைப் போல அமைதியாக நடந்தது வேலை.

பையன் அதோடு நிற்கவில்லை. காற்சட்டைப் பையிலிருந்து இரண்டு சிவப்புக் கூடுகளை எடுத்தான். காட்டுப் பன்றி சுட வந்தவர்கள் செம்பனை அடியில் விட்டுப் போனவை. "இதுலயும் மறுபடி மருந்து போடலாமா மாமா?" என்றான்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் அதட்டவில்லை. அதட்டினால் பிள்ளைகள் ஒளித்து வைத்துக்கொண்டு செய்வார்கள். விளக்கிச் சொன்னால் யோசிப்பார்கள். அவனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. முதலாவது பித்தளைக் கூடு. இரண்டாவது அதன் அடியில் இருக்கும் பிரைமர். தீக்குச்சி செய்யும் வேலையை இது செய்கிறது. மூன்றாவது வெடிமருந்து. நான்காவது முனையில் இருக்கும் ரவை. துப்பாக்கியின் ஊசி பிரைமரைத் தட்டுகிறது. பொறி பறந்து மருந்து எரிகிறது. அதிலிருந்து கிளம்பும் வாயு ரவையைக் குழல் வழியே தள்ளுகிறது. ரவை போய்விடும், கூடு மிஞ்சும். அந்தக் கூட்டைச் சுத்தம் செய்து, புதுப் பிரைமரும் மருந்தும் ரவையும் வைப்பதுதான் அமெரிக்காவில் பலர் செய்யும் பொழுதுபோக்கு. காசு மிச்சம் என்பது ஒரு காரணம். தன் துப்பாக்கிக்குப் பொருத்தமாகச் செய்தால் குறி தப்பாது என்பது இன்னொரு காரணம். அங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்தால்தான் உரிமம் வேண்டும்.

எல்லாத் தோட்டாவையும் இப்படித் திரும்பச் செய்ய முடியாது. '.22 லாங் ரைபிள்' என்று ஒரு சிறு தோட்டா உண்டு. 1887இல் வந்தது. அதன் குறுக்களவு ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர். அதில் தனிப் பிரைமர் கிடையாது. தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரு முறை அடித்து விளிம்பு நசுங்கினால் அதோடு சரி. அதே அளவு ரவை கொண்ட '.22 ஹார்னெட்' வேறு வகை. 1930இல் கடைக்கு வந்த இதற்கு நடுவில் தனிப் பிரைமர் உண்டு. அதனால் கூட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

ஒரு வேடிக்கையும் கேளுங்கள். தனிப் பிரைமரில் இரண்டு வகை. ஒன்றைக் கண்டவர் பாக்ஸர் என்ற ஆங்கிலேயர். மற்றதைக் கண்டவர் பெர்டான் என்ற அமெரிக்கர். கழற்றி மாற்றுவதற்குச் சுலபமானது பாக்ஸர் வகை. அமெரிக்கர்கள் ஆங்கிலேயர் கண்டதை எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் அமெரிக்கர் கண்டது பரவியது!

இரண்டாம் உலகப் போரின்போது ரவைக்குப் பெரும் தட்டுப்பாடு. கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரில் பிரெட் ஹண்டிங்டன் என்பவர், 1943இல், தம் தகப்பனாரின் சலவைக் கடையின் பின்பக்கத்தில் அமர்ந்து, வீட்டில் ரவை செய்யும் அச்சுகளை உருவாக்கினார். சுட்டுப் போட்ட .22 கூடுகள்தான் அந்த ரவைக்கு மேலுறை. வயலைப் பாழாக்கும் ஒரு மலைப் பிராணியைச் சுடுவதற்காக ஆரம்பித்த வேலை அது. ஆர்.சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

"பார்த்தீங்களா மாமா, சலவைக் கடையிலேயே செஞ்சிருக்காரு!" என்று துள்ளினான் பையன்.

"பொறு தம்பி, மிச்சத்தையும் கேள்" என்றேன்.

அந்தச் சின்னத் தோட்டாவுக்குள் போகும் மருந்து ஒரு கிராம்கூட இராது. ஆனால் அது எரியும்போது ஒரு சதுர அங்குலத்துக்கு 40,000 இறாத்தல் அளவுக்கு அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பது 30 இறாத்தல் சொச்சம்தான்! மருந்து கொஞ்சம் கூடினால் துப்பாக்கி முகத்தருகே வெடிக்கும். மருந்து போட மறந்தாலும் ஆபத்துதான். பிரைமரின் பொறி மட்டும் ரவையைக் குழலின் நடுவில் கொண்டுபோய்ச் செருகிவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மருந்துகள் எரியும் வேகத்தில் முற்றிலும் வேறாக இருக்கும். ஆகவேதான் அனுபவசாலிகள் மேசைமேல் ஒரே ஒரு மருந்து டின்தான் வைப்பார்கள். ஒவ்வொரு அளவையும் தராசில் நிறுத்து, அச்சிட்ட கையேட்டோடு ஒப்பிடுவார்கள். வேலை முடியும்வரை பேச்சும் கிடையாது, சிகரெட்டும் கிடையாது.

நம் பையன்களிடம் தராசு உண்டா? கையேடு உண்டா? சொல்லிக் கொடுக்க ஆள் உண்டா? பட்டாசு மருந்தும் அரைகுறைத் துணிச்சலும்தான் உண்டு.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒருவர் தீபாவளிக்குச் சொந்தமாக வெடி செய்கிறேன் என்று உட்கார்ந்தார். கெட்டிக்காரர், தோட்டத்திலேயே நல்ல மரம் வெட்டுகிறவர் என்று பெயர் வாங்கியவர். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அதன் பிறகு பால் வெட்டும் கத்தியை அவரால் பிடிக்க முடியவில்லை. புல் வெட்டப் போனார், சம்பளம் பாதியாயிற்று. மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டுப் பிரட்டுக்கு வந்து நின்றாள். வெடித்தது ஒரு நொடி. அந்தக் குடும்பம் அதைச் சுமந்தது இருபது வருடம்.

அடுத்தது சட்டம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கி இல்லையே, தோட்டா மட்டும்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. சிங்கப்பூரில் சட்டவிரோதமாக வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும், குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. நம் பெரியவர்கள் இதைவிடக் கடுமையான காலத்தைப் பார்த்தவர்கள். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். பிறகு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவில், பாதுகாப்புப் பகுதியில் அனுமதியின்றித் தோட்டா வைத்திருந்தாலே மரண தண்டனை. அந்தச் சட்டம் 2012இல்தான் நீக்கப்பட்டது. காட்டில் கிடந்ததைத் தொடாதே என்று தாத்தாக்கள் அதட்டியது சும்மா இல்லை.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ரவையில் இருப்பது ஈயம். வீச்சு வலைக்கும் தூண்டிலுக்கும் குண்டு வார்க்க நம் வீடுகளிலும் ஈயம் உருக்குகிறவர்கள் உண்டு. சமையல் அடுப்பில், சமையல் சட்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். ஈயத்தின் புகையும் தூசியும் உடம்பில் சேரும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும். வலைக்குண்டைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்க விடாதீர்கள்.

தோட்டத்திலோ ஆற்றங்கரையிலோ தோட்டாவைக் கண்டால் பிள்ளைகள் அதை எடுக்கக் கூடாது, தட்டக் கூடாது, நெருப்பில் போடக் கூடாது. இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் சொல்லட்டும். பெரியவர்கள் போலீசுக்குச் சொல்லட்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு அக்காள் மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஆளோட மகள் திரும்பப் பள்ளிக்கூடம் போனாங்களா மாமா?" என்று கேட்டான்.

"இல்லடா" என்றேன்.

கையிலிருந்த கூடுகளைத் திண்ணையில் வைத்தான். மறுநாள் காலையில் இருவருமாகப் போய், பன்றி சுட உரிமம் வைத்திருப்பவரிடமே அவற்றைக் கொடுத்துவிட்டு வந்தோம். சுட்ட கூடுகளைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் விட்டுப் போகாதீர்கள் என்று அவரிடமும் சொன்னேன். தலையாட்டினார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஏதாவது கையில் கொண்டுவந்தால் முதலில் அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.