இருட்டுக் கொட்டகையில் ஒரு காமிரா

நியூயார்க் நகரத்தில் பவரி என்று ஒரு தெரு உண்டு. 1970-ம் ஆண்டு வாக்கில் அந்தத் தெருவுக்கு நல்ல பெயர் கிடையாது. குடித்துவிட்டு நடைபாதையில் விழுந்து கிடப்பவர்கள், வேலை இல்லாதவர்கள், தங்க வீடு இல்லாதவர்கள், இவர்கள்தான் அங்கே அதிகம். குடும்பஸ்தர்கள் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார்கள்.

அந்தத் தெருவில், 315-ம் எண் கட்டிடத்தில், 1973-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஹில்லி கிரிஸ்டல் என்பவர் ஒரு மதுக்கடை திறந்தார். கடைக்குப் பெயர் "சி.பி.ஜி.பி." அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு வகைகளின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. அந்த வகைப் பாட்டுகளைக் கேட்கக் கூட்டம் வரும் என்று அவர் நினைத்தார். கூட்டம் வரவில்லை.

வந்தவர்கள் வேறு ஆட்கள். கையில் கிதார், சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. "நாங்கள் பாடலாமா?" என்று கேட்டார்கள். கிரிஸ்டல் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். அடுத்தவன் பாட்டை இங்கே பாடக்கூடாது!"

இந்த நிபந்தனையில் கலை ஆசையும் உண்டு, கணக்கும் உண்டு. பிறர் பாட்டைப் பாடினால் பாட்டுக்கு உரியவர்களுக்குப் பணம் கட்ட வேண்டும் அல்லவா? கிரிஸ்டல் வியாபாரி. ஆனால் அந்த வியாபாரக் கணக்கினால் உலகத்துக்கே லாபம் வந்தது. "ராமோன்ஸ்" குழுவினர் 1974-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் தடவையாக அங்கே ஏறினார்கள். "டாக்கிங் ஹெட்ஸ்" குழு 1975-ல் வந்தது. பாட்டி ஸ்மித், "பிளாண்டி", "டெலிவிஷன்" என்று பிற்காலத்தில் பெயர் எடுத்த பலர், அந்தக் குகை போன்ற நீளக் கொட்டகையில்தான் பாடிப் பழகினார்கள். ஆரம்ப நாட்களில் கேட்டவர்களின் தலைகளை விரல் விட்டு எண்ணி விடலாம்.

இன்று அந்தக் கொட்டகை இல்லை. பிறகு எப்படி அதைப் பற்றி இவ்வளவு தெரிகிறது? காமிராவோடு அங்கே போய் நின்ற சில பேரால்!

கை நடுங்கினால் படம் போச்சு

டேவிட் காட்லிஸ் என்ற வாலிபர் 1976-ம் ஆண்டு முதல் அங்கே இரவு தோறும் போய்ப் படம் பிடித்தார். அவர் ஒரு பிடிவாதக்காரர். பிளாஷ் வெளிச்சம் போடமாட்டேன் என்றார்!

இதில் உள்ள சங்கடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் காமிராவுக்கு உள்ளே பிலிம். பிலிமுக்கு வெளிச்சம் வேண்டும். பகல் வெயிலில் ஒரு நொடியை 500 பங்காக்கி, அதில் ஒரு பங்கு நேரம் காமிராவின் கண்ணைத் திறந்தால் போதும், படம் விழுந்துவிடும். சி.பி.ஜி.பி. கொட்டகையிலோ மங்கலான சில விளக்குகள்தான். அங்கே கால் நொடி, சில சமயம் அரை நொடி கூடக் கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். அந்த அரை நொடிக்குள் கை நடுங்கினால் படம் கலங்கிவிடும். பாடுகிறவர் தலையை ஆட்டினாலும் கலங்கிவிடும். காட்லிஸ் மூச்சை அடக்கிக் கொண்டு, பாடுகிறவர் எப்போது அசையாமல் நிற்பார் என்று பார்த்து விசையை அழுத்த வேண்டும். தெருவிலே நிற்பவர்களைத் தெரு விளக்கின் ஒளியிலேயே பிடித்தார்.

பிராஸாய் என்ற புகைப்படக்காரர் 1930-களில் பாரிஸ் நகரத்தின் இரவுகளை இதே போலப் பிடித்திருந்தார். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் காட்லிசுக்கு இந்த ஆசை வந்தது.

அவர் எடுத்த படங்களில் கொஞ்சம் கலக்கம் இருக்கிறது. இருந்தால் என்ன? பார்க்கிறவருக்கு அந்த இரவே கண்முன் வந்து நிற்கிறது. பிளாஷ் போட்டு எடுத்திருந்தால் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருக்கும். பின்னால் சுவரும் கம்பியும் காலிப் பாட்டிலும் தெரிந்திருக்கும். இரவு மட்டும் காணாமல் போயிருக்கும்.

அது மட்டுமா? பாடுகிற ஆளின் கண்ணுக்கு நேரே பளிச் பளிச் என்று வெளிச்சம் அடித்தால் அவர் எப்படிப் பாடுவார்? கிதார் வாசிக்கிறவர் கம்பியைப் பார்ப்பாரா, கண்ணைத் துடைப்பாரா? பெரிய அரங்குகளில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. முதல் மூன்று பாட்டு வரைதான் படக்காரர்களுக்கு அனுமதி, பிளாஷ் கூடாது, பிறகு வெளியே போய்விட வேண்டும். சின்னக் கொட்டகையில் இப்படி விரட்டுவார் யாரும் இல்லை. விரட்ட ஆள் இல்லாத இடத்தில்தான் ஒருவருடைய மரியாதை தெரியும்.

இன்றைக்குப் பிளாஷ் போடுவதற்குச் சாக்கும் கிடையாது. அன்று காட்லிஸ் கையில் இருந்தது 400 என்ற எண் கொண்ட பிலிம். இன்றைய சாதாரண டிஜிடல் காமிராவில் 6,400 என்று திருப்பி வைத்துக் கொள்ளலாம். அதாவது 16 மடங்கு கூர்மை. அவருக்குக் கால் நொடி பிடித்த இடத்தில், இன்று ஒரு நொடியில் 60-ல் ஒரு பங்கு போதும். கை நடுங்குகிறவர் கூட எடுத்துவிடலாம்!

தூக்கிய கை

எல்லோருக்கும் எடுக்க வருகிறது என்பதே இப்போது ஒரு தொல்லையாகவும் ஆகிவிட்டது. பாட்டு தொடங்கியதும் நூறு கைகள் மேலே எழும்புகின்றன. ஒவ்வொரு கையிலும் ஒரு செல்போன். பின்னால் நிற்கும் குள்ளமான பெண், காசு கொடுத்து உள்ளே வந்தவள், முன்னால் நிற்பவருடைய செல்போன் திரையில்தான் கச்சேரி பார்க்க வேண்டியிருக்கிறது. இது என்ன நியாயம்?

படமே எடுக்கக்கூடாது என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியல்ல. எடுத்தவர்கள் இருந்ததால்தான் இந்தக் கதையே தெரிகிறது. இரண்டு படம் எடுக்கட்டும், மூன்று எடுக்கட்டும். பிறகு பையில் போட்டுவிட்டுப் பாட்டைக் கேட்கட்டும். ஓரமாக நின்று எடுக்கத் தெரிந்தவர் எவ்வளவு எடுத்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

எடுத்த படத்தை என்ன செய்வது என்பது அதைவிட முக்கியம். செல்போன் தொலைந்தால் படமும் தொலைகிறது. தொலையாவிட்டாலும், பத்தாயிரம் படங்களுக்கு நடுவே அது எங்கே கிடக்கிறது என்று எடுத்தவருக்கே தெரிவதில்லை. குழுவின் பெயர், தேதி, ஊர், கொட்டகையின் பெயர் இந்த நான்கையும் எழுதி வைக்காத படம், இருபது வருஷம் கழித்து யாரோ நான்கு பேர் கிதார் வைத்துக் கொண்டு நிற்கும் படம்தான். ஒரு பிரதியைப் பாடியவர்களுக்கே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஊர்க் குழுக்களுக்குச் சொந்தமாகப் படக்காரர் வைத்துக் கொள்ள வசதி ஏது?

125 டாலர்

கொடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்குகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு.

ராபர்ட்டா பெய்லி என்ற பெண் சி.பி.ஜி.பி. வாசலில் நின்று நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் வேலை பார்த்தார். வேலைக்கு நடுவே காமிராவும் பிடித்தார். 1976-ம் ஆண்டு ஒரு சின்னப் பத்திரிகைக்காக, கொட்டகைக்குப் பக்கத்தில் செங்கல் சுவர் ஓரமாக ராமோன்ஸ் குழுவினர் நான்கு பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். தோல் சட்டை, கிழிந்த கால்சட்டை, முகத்தில் சிரிப்பு இல்லை.

அப்போது ராமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவர இருந்தது. உறைக்காக வேறு ஒருவரைக் கொண்டு எடுத்த படங்கள் கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. பெய்லியின் படத்தைப் பார்த்தார்கள். வாங்கிக் கொண்டார்கள். விலை என்ன தெரியுமா? 125 டாலர்!

1976 ஏப்ரலில் இசைத்தட்டு வந்தது. அந்த உறைப்படம் உலகம் முழுவதும் சுற்றியது. பனியன்களில் அச்சாயிற்று. எத்தனையோ குழுக்கள் செங்கல் சுவரைத் தேடிப் போய் அதே போல நின்று படம் எடுத்துக் கொண்டன. 125 டாலர் 125 டாலராகவே நின்றது.

பாடுகிறவருக்குக் கூலி வேண்டும் என்றால் எல்லோரும் ஒத்துக் கொள்கிறார்கள். படம் எடுத்தவருக்கு என்றால் மட்டும், "பெயரைப் போடுகிறோமே, போதாதா?" என்கிறார்கள். பெயர் அரிசி வாங்கித் தராது. சம்பாதிக்க ஆரம்பிக்காத ஊர்க் குழுவிடம் பணம் கேட்பது முறையல்லதான். ஆனால் இசைத்தட்டுக் கம்பெனியும் சாராயக் கம்பெனி விளம்பரமும் அந்தப் படத்தை எடுத்துக் கொள்ளும்போது, எடுத்தவரைக் கேட்டு, பணமும் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ராமோன்ஸ் குழுவில் முதலில் இருந்த நான்கு பேரும் இப்போது உயிரோடு இல்லை. ஜோயி 2001-ல் இறந்தார். டீ டீ 2002-ல், ஜானி 2004-ல். கடைசியாக டாமி 2014-ல் போனார். நான்கு பேரும் ஒன்றாக, இளமையாக நிற்பது அந்தச் சுவரோரத்தில்தான்.

நாற்றங்காலை உழுதுவிட்டால்?

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் "கேவர்ன்" என்று ஒரு நிலவறை இருந்தது. பழக்கிடங்காக இருந்த இடம். 1957 ஜனவரியில் இசைக் கொட்டகை ஆயிற்று. சுவரில் தண்ணீர் வழியும். பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் வியர்வையில் குளிப்பார்கள். 1961 பிப்ரவரி முதல் 1963 ஆகஸ்டு வரை "பீட்டில்ஸ்" குழுவினர் அங்கே 292 தடவை பாடினார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பல நாட்கள் மத்தியானச் சாப்பாட்டு வேளைக் கச்சேரி. பக்கத்து ஆபீசுப் பெண்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

இவ்வளவு கச்சேரிகள் நடந்தும், அந்த நிலவறையில் அவர்கள் பாடுவதைக் காட்டும் அசையும் படம் மிகவும் கொஞ்சம். 1962 ஆகஸ்டு 22-ந் தேதி கிரானடா டெலிவிஷன்காரர்கள் வந்து பிடித்ததுதான் பெயர் சொல்லும்படி இருக்கிறது. மற்றதெல்லாம் நிழற்படமும் நினைவும்தான். 1973-ல் ரயில் பாதை வேலைக்காக என்று கேவர்னை மூடி, மேல் கட்டிடத்தை இடித்து, நிலவறையைத் தூர்த்தார்கள். 1984-ல், பழைய செங்கற்களில் பலவற்றை வைத்து அதே தெருவில் மறுபடியும் கட்டினார்கள்! இடித்த பிறகு அருமை தெரிந்தது.

நெல் விதைக்கிறவனுக்கு நாற்றங்கால் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. எண்பதாயிரம் பேர் உட்காரும் மைதானத்தில் முதல் கச்சேரி செய்த குழு எது? ஒன்றும் இல்லை. எல்லோரும் எண்பது பேர் நிற்கும் இடத்தில்தான் தப்புத் தாளம் போட்டுப் பழகினார்கள். மைதானத்துக்காரர்கள் அறுவடைக்கு மட்டும் வருகிறார்கள்.

அந்த நாற்றங்கால் இப்போது எப்படி இருக்கிறது? பிரிட்டனில் சின்னக் கொட்டகைகளைக் காப்பதற்காக 2014-ல் "மியூசிக் வென்யூ டிரஸ்ட்" என்ற சங்கம் தொடங்கினார்கள். அது கொடுத்த கணக்குப்படி 2023-ம் ஆண்டில் மட்டும் 125 கொட்டகைகள் இசை நிகழ்ச்சியை நிறுத்திவிட்டன. அந்த ஆண்டு நடந்து கொண்டிருந்த கொட்டகைகளிலும் 100 பவுன் வரவு வந்தால் மிச்சம் நின்றது அரைப் பவுன்தானாம். வாடகை ஏறுகிறது, மின்சாரக் கட்டணம் ஏறுகிறது. கொட்டகைக்குப் பக்கத்தில் புதிதாக மாடி வீடு கட்டிக் குடி வருகிறவர், "சத்தம் தாங்க முடியவில்லை" என்று மனுக் கொடுக்கிறார். முப்பது வருஷமாகக் கொட்டகை அங்கே இருப்பது வீடு வாங்கும்போது தெரியாதா? பின்னால் வந்து கட்டுகிறவர்தான் சத்தத்தைத் தடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2018-ல் இங்கிலாந்தின் கட்டிட நெறிமுறையில் சேர்த்தார்கள். நல்ல காரியம், முன்பே செய்திருக்கலாம்.

இன்னொரு யோசனையும் உண்டு. பெரிய மைதானக் கச்சேரி டிக்கெட்டுகளிலிருந்து ஒரு தொகை எடுத்துச் சின்னக் கொட்டகைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் பார்லிமெண்டுக் கமிட்டி சிபாரிசு செய்தது. அந்த ஆண்டு நவம்பரில் சர்க்காரும் ஆதரித்தது. ஆனால் சட்டம் போடவில்லை; விருப்பம் உள்ளவர்கள் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். விருப்பத்துக்கு விட்டால் வசூல் எப்படி இருக்கும் என்பது கோவில் உண்டியலைத் திறந்து எண்ணியவர்களுக்குத் தெரியும். நூறு பவுனுக்கு மேல் கொடுத்து டிக்கெட் வாங்குகிறவருக்கு ஒரு பவுன் பாரம் அல்ல. இதைக் கட்டாயமாகவே வசூலிக்கலாம்.

சி.பி.ஜி.பி. கொட்டகைக்கு இந்த மாதிரி உதவி ஒன்றும் வரவில்லை. வாடகைத் தகராறு முற்றியது. 2006 அக்டோபர் 15-ந் தேதி கடைசிக் கச்சேரி. பாட்டி ஸ்மித் பாடினார். முடிவில், மறைந்துபோன இசைக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். 2008-ல் அந்த இடத்துக்கு விலை உயர்ந்த துணிக்கடை ஒன்று வந்தது. கிரிஸ்டல் அதைப் பார்க்கவில்லை. கொட்டகை மூடிய அடுத்த வருஷமே, 2007 ஆகஸ்டில், அவர் காலமானார். காட்லிஸ் எடுத்த படங்கள் 2016-ல் புத்தகமாக வந்தன.