முதல் இருநூறு வரிகள் மாதிரி ஆகா

தமிழ்த் தரவுத்தொகுப்புகளைக் கொண்டு நிகழும் ஆய்வுகளில் ஒரு சோம்பல் முறையியலாக வேடமிட்டு நிற்கிறது. ஒரு சொல்லைத் தேடுகிறார்கள். பல்லாயிரம் வரிகள் கிடைக்கின்றன. முதல் இருநூறை எடுத்துப் பகுத்துவிட்டு, 'தமிழில் இவ்வாறு வழங்குகிறது' என்று முடிவுரைக்கிறார்கள். அந்த இருநூறு எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டன என்று கேட்டால், 'தற்செயலாக வந்தவை' என்பதே விடை.

இவ்விடை தவறானது. எஸ்.கியூ.எல். வினவலில் 'ஆர்டர் பை' இல்லையெனில் விடைகளின் வரிசைக்கு எந்த உறுதியும் இல்லை. ஆனால் உறுதியின்மை வேறு, தற்செயல் வேறு. கணினி தனக்கு எளிதில் எட்டுவதை முதலில் தருகிறது. பல நேரங்களில் அது முதலில் உள்ளிடப்பட்ட தரவே. அகரவரிசையில் அடுக்கினாலும் சார்பு நீங்காது. யூனிகோடு எண்களின்படி அடுக்கினால் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் வந்து நிற்கும். அது தமிழ் நெடுங்கணக்குகூட அன்று.

இதனால் இழப்பு யாருக்கு? காரக்கோணத்தை எண்ணிப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஆட்சியைப் பிரித்தது. பேச்சு அக்கோட்டைக் கேட்டு நடப்பதில்லை. ஆயினும் மாநிலவாரியாகத் தரவை உள்ளிடும் ஒரு தொகுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் முன்னே செல்லும். எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ் 'பிற' என்ற தலைப்பில் கடைசியில் சேரும். முதல் இருநூறு வரிகளோடு நிற்பவர் கண்ணுக்கு அது ஒருபோதும் எட்டாது. பின்னர் 'தரவில் இவ்வழக்கு இல்லை' என்று எழுதப்படும். தரவில் இருந்தது, ஆய்வாளர்தாம் அங்குவரை செல்லவில்லை.

'வரிசையைக் குலைத்தால் வேகம் குறையும்' என்பது ஒரு மறுப்பு. உண்மைதான், ஒவ்வொரு வரிக்கும் ஒரு தற்செயல் எண் கொடுத்து முழு அட்டவணையையும் அடுக்க வேண்டியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் இதற்கென 'டேபிள்சாம்பிள்' வசதியைத் தருகிறது. அதிலும் விழிப்பு வேண்டும்: 'சிஸ்டம்' முறை பக்கம் பக்கமாக அள்ளுவதால் ஒரே நூலின் அடுத்தடுத்த வரிகள் திரளாக வந்துவிடலாம், 'பெர்னூலி' முறையே வரிதோறும் தீர்மானிக்கிறது. சில நிமிடக் காத்திருப்பை மிச்சப்படுத்த ஒரு வட்டார வழக்கையே பலியிடுவது சிக்கனம் ஆகாது.

'ஒவ்வொரு முறையும் விடை மாறினால் ஆய்வை எவ்வாறு சரிபார்ப்பது?' என்பது அடுத்த மறுப்பு. வித்தெண்ணைக் குறிப்பிட்டால் அதே தற்செயல் எண்தொடர் மீண்டும் வரும். அடிப்படை வரிசை மாறினால் தேர்வும் மாறக்கூடும் என்பதால், தேர்ந்த வரிகளின் அடையாள எண்களையும் பின்னிணைப்பில் தந்துவிட வேண்டும்.

குலுக்கல் மட்டுமே நீதி என்பதும் மயக்கமே. ஒரு லட்சம் வரிகளில் எல்லையோரத் தமிழ் ஐம்பது வரி என்று கொண்டால், இருநூறு வரி மாதிரியில் அது சராசரியாக 0.1 வரியே இடம்பெறும். ஆகவே முதலில் வட்டாரவாரியாகப் பகுத்து, பின் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் குலுக்குவதே முறை.

இது தமிழருக்குப் புதிய பாடம் அன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்தார்கள். ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கினார்கள். வேறுபாடு அறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஓலையை வாங்கி, பலரறிய வாசித்தார்கள். பகுப்பு, குலுக்கல், வெளிப்படை ஆகிய மூன்றும் அங்கே உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்ச்சபை ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் காட்டிய கவனத்தை, ஒரு மொழியின் இலக்கணத்தைத் தீர்மானிக்கப் புறப்படும் முனைவர் பட்ட ஆய்வேடு காட்டக்கூடாதா?

மாதிரி எடுத்த முறையைச் சொல்லாத ஆய்வேட்டை நெறியாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். குடத்தைக் குலுக்காமல் மேலே கிடக்கும் ஓலையை எடுப்பது தேர்வு அன்று.