அந்த ஒரு சொல்லை மட்டும் நீங்கள் பாடுங்கள்!

சென்ற இதழில் எழுதிய கேப்பைக்கூழ் வற்றல் பற்றி ஏகப்பட்ட சகோதரிகள் கடிதம் போட்டிருக்கிறீர்கள். பதில் அடுத்த இதழில் கட்டாயம் உண்டு. இந்தத் தடவை அடுப்படி விஷயம் இல்லை. ஒரு மாதமாக மனசில் கிடந்து உறுத்துகிற ஒன்றைச் சொல்லி விடுகிறேன். சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

போன பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் தாயில்பட்டிப் பக்கம் ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தார்கள். பொட்டலில் மேடை, சீரியல் லைட்டு, ஐஸ் வண்டி, பிள்ளைகள் கூட்டம். பயராபீசுக்கு லீவு. (பட்டாசுத் தொழிற்சாலை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. பயராபீஸ்தான். நான் அங்கே கணக்கு எழுதுகிறவள்.) எங்கள் சாமி கும்பிடு தெருவுக்குத் தெரு தனித்தனிதான், மறைப்பானேன். ஆனால் ஆர்கெஸ்ட்ரா என்றால் எல்லாத் தெருவும் வந்து விடும்.

பாதி ராத்திரிக்கு மேல் பாடகர் ஒரு டப்பாங்குத்துப் பாட்டை எடுத்தார். காதலியைச் செல்லமாகத் திட்டுகிற பாட்டு. திரும்பத் திரும்ப 'சண்டாளி' என்று வரும். இரண்டு தடவை அவர் பாடி விட்டு, மூன்றாவது தடவை மைக்கை எங்கள் பக்கம் நீட்டி, "அந்த ஒரு சொல்லை மட்டும் நீங்க பாடுங்க" என்றார். கேட்க வேண்டுமா? பொட்டலே அதிர்ந்தது. நானும்தான் பாடினேன். நாற்பத்தெட்டு வயசில் கையைத் தூக்கிக்கொண்டு பாடினேன்.

என் பக்கத்தில் நின்றவள் வேனில் தினமும் என்னோடு வருகிறவள். தாள் குழாய் சுற்றுகிற வேலை. கீழத்தெருப் பெண். அதுவரை கைதட்டிக்கொண்டு நின்றவள், அந்த இடத்தில் நிறுத்தி விட்டாள். இடுப்பில் இருந்த பிள்ளையின் காதை உள்ளங்கையால் மூடினாள். சத்தம் அதிகம், பிள்ளை பயப்படும் என்று மூடுகிறாள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வேனில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் தூக்குவாளியைத் திறந்துகொண்டு நானே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன புள்ள, எம்மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லைக்கா." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "எங்க அம்மாச்சி சம்சாரி வீட்டுக் களத்துல வேலை பாத்தவ. பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாகளாம். 'ஏ சண்டாளி'ன்னுதான் கூப்பிடுவாகளாம். கூலிக் கம்பு அளக்கயிலும் அதான், தண்ணி ஊத்தயிலும் அதான். நீங்க என்னையச் சொல்லலைன்னு தெரியும். ஆனா அம்புட்டுப் பேரும் சேந்து கத்தயில எனக்கு அங்கன நிக்க முடியலைக்கா."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கிறதா? "அது கொஞ்சுற சொல்லுதானடி. எங்க அம்மாவே என்னைய அப்படித்தான் கொஞ்சும்" என்றேன்.

"ஒங்க அம்மா ஒங்களைச் சொல்லலாம்க்கா" என்றாள்.

அதற்கு மேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் வீடுகளில் இந்தச் சொல்லைப் புழங்காதவர் யார்? பிள்ளை பாலைக் கொட்டினால் சொல்கிறோம். ஒப்பாரியில் எமனைச் சொல்கிறோம். கும்மிப் பாட்டில் நாத்தனாரைச் சொல்கிறோம். பாவி, படுபாவி மாதிரி இதுவும் ஒரு வசவு என்றுதான் நானும் இருந்தேன். மனு சாஸ்திரத்தில் இவர்கள் ஊருக்கு வெளியேதான் குடியிருக்க வேண்டும், பிணத்தின் துணியைத்தான் உடுத்த வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. இன்றும் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் இந்தப் பெயரும் ஒன்று. நாம் வசவு என்று நினைக்கிறது, அரசாங்க ஏட்டில் ஒரு ஜனத்தின் பெயர்.

2024 ஜூலையில் இது பெரிய விவகாரமாகவே ஆயிற்று. விக்கிரவாண்டி இடைத்தேர்தல் பிரசாரத்தில், மறைந்த முதல்வர் கருணாநிதியைத் தாக்கி ஒரு பாட்டுப் பாடினார்கள். அதில் இந்தச் சொல்லும் வந்தது. பாடியவர் கைதாகி, பிறகு வெளியே வந்தார். அவர்கள் தரப்பு சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? 'பாட்டு நாங்கள் எழுதியதில்லை, ஏற்கெனவே வேறு கட்சிக்காரர்கள் பாடியதுதான்' என்பது. அப்புறம் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம், மேடையிலும் சினிமாவிலும் பாட்டிலும் அந்தச் சொல்லை வசவாகவோ வேடிக்கையாகவோ பயன்படுத்தாதீர்கள், வன்கொடுமைச் சட்டம் பாயும் என்று அறிவித்தது. பேப்பரில் படித்தேன். படித்து விட்டு அந்தப் பேப்பரிலேயே முறுக்கை வைத்து எண்ணெய் வடித்தேன். நமக்கென்ன, அரசியல்வாதிகள் சண்டை என்று.

மதுரையில் படிக்கிற என் மகள் லீவுக்கு வந்தபோது இதைச் சொன்னேன். "அம்மா, இதே மாதிரி அமெரிக்காவிலும் நடந்திருக்கு" என்று செல்போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாள். கென்ட்ரிக் லாமர் என்று கறுப்பினத்துப் பாடகர். ராப் பாட்டு, அதாவது தாளத்துக்கு மடமடவென்று பேசிக்கொண்டே போகிற பாட்டு. சாமானியர் இல்லை, 2018-ல் இசைக்காகப் புலிட்சர் பரிசே வாங்கியவர். அதே வருஷம் மே மாதம் அலபாமா மாநிலத்தில் கச்சேரி. ரசிகை ஒருத்தியை, வெள்ளைக்காரப் பெண், மேடைக்குக் கூப்பிட்டுத் தன் பாட்டையே பாடச் சொன்னார். அவளும் உற்சாகமாக, பாட்டில் உள்ளபடியே, கறுப்பர்களை அடிமைக் காலத்திலிருந்து இழிவாக அழைத்து வந்த அந்தச் சொல்லையும் சேர்த்துப் பாடி விட்டாள். அவர் பாட்டை நிறுத்தி, அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டு விட்டுப் பாடும்மா என்றார். கூட்டம் அவளைப் பார்த்துக் கூச்சல் போட்டது.

"இது என்ன நியாயம்மா? எழுதினது அவரு, மேடைக்குக் கூப்பிட்டதும் அவரு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவ பாடினா மட்டும் குத்தமா?" என்றாள் மகள். அவள் ஹாஸ்டலில் எல்லாரும் அந்தப் பாட்டை அந்தச் சொல்லோடுதான் பாடுகிறார்களாம்.

எனக்கும் முதலில் அந்தப் பெண்மீதுதான் இரக்கம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் அவளை அப்படிக் கூச்சல் போட்டிருக்க வேண்டாம். பொட்டலில் நான் செய்ததைத்தானே அவளும் செய்தாள்!

ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது. விருதுநகர், சிவகாசிப் பக்கத்தில் நாடார் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஜனத்துக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. மற்றவர்கள் வாயில் அது வசவாகவே ஆகி விட்ட பெயர். வருஷக்கணக்காக மனுப்போட்டு, 1921-ல்தான் சர்க்கார் ஏட்டில் அதை மாற்றி 'நாடார்' என்று எழுத வைத்தார்கள். தாத்தா தன் கூட்டாளிகளோடு திண்ணையில் சீட்டாடும்போது அந்தப் பழைய பெயரை அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஒரு தடவை பேச்சுவாக்கில் வெளியாள் ஒருவர் அதைச் சொன்னபோது, சீட்டைக் கீழே போட்டு விட்டு எழுந்து போனவர், அந்த மனுஷனிடம் சாகிற வரை பேசவில்லை. அந்த ஆள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தாத்தாவுக்கும் அது தெரியும்.

மகளிடம் இதைச் சொன்னேன். "தாத்தா மட்டும் சொல்லலாமாக்கும்?" என்றாள். சொல்லலாம்! அடிபட்டவன் தன் தழும்பைத் தானே தடவிப் பார்ப்பது வேறு, ஊரான் வந்து விரலால் குத்துவது வேறு. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் பத்திரிகை ஆரம்பித்தபோது, எந்தப் பெயரைச் சொல்லி ஊர் இழிவாகப் பேசியதோ அதையே எடுத்துப் 'பறையன்' என்று வைத்தார். அது அவர் காட்டிய வீரம். அதே ஜனத்துக்காகப் பாடுபட்ட எம்.சி. ராஜா, அந்தப் பெயர் சர்க்கார் ஏட்டிலேயே வேண்டாம், 'ஆதிதிராவிடர்' என்று எழுதுங்கள் என்று கேட்டார். 1922-ல் சென்னை சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது. வைத்துக்கொள்வதா, உதறுவதா என்று அவர்களுக்குள்ளேயே இரண்டு வழி. எதுவானாலும் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். மைக்கை நீட்டியதும் நாம் பாய்ந்து பாடுவதற்கு அதில் என்ன பாத்தியதை?

பழைய புத்தகத்தில் இருப்பதைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை நான். பாடம் நடத்தும்போது வாசிக்கலாம், அர்த்தம் சொல்லலாம். குஷிக்காக நூறு பேர் கையைத் தூக்கிக் கத்துகிற இடம் அது இல்லை. அந்த ஒரு சொல் வரும்போது வாயை மூடிக்கொண்டால் பாட்டு ஒன்றும் குறைந்து விடாது. கைதட்டல் இருக்கிறது, தாளம் இருக்கிறது. (சாதிப் பெருமை பேசுகிற பாட்டுகளைக் குழாய் ஸ்பீக்கரில் போடுகிறார்களே, அது தனி ராமாயணம். இன்னொரு நாள் பேசலாம்.)

எங்கள் தெருக் கும்மிப் பாட்டில் இந்தச் சொல் நாலு இடத்தில் வருகிறது. அடுத்த பொங்கலுக்கு மாற்றலாம் என்று, கும்மிக்கு முதல் அடி எடுத்துக் கொடுக்கிற பெரியம்மாவிடம் கேட்டேன். "பாட்ட மாத்துனா தாளம் தட்டுமே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். 'கண்ணாட்டி' என்று போட்டுப் பாருங்கள் பெரியம்மா என்றேன். உதட்டுக்குள் பாடிப் பார்த்தாள். அளவாக உட்கார்ந்து விட்டது. இரண்டாம் சுற்றில் பழக்க தோஷத்தில் பழைய சொல்லே வந்தது. "அம்பது வருசமா பாடுன வாயி" என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

போன திங்கட்கிழமை வேனில் டிரைவர் தம்பி அதே டப்பாங்குத்தைப் போட்டான். "மாத்துப்பா" என்றேன். "ஹிட்டுப் பாட்டுக்கா இது" என்றான். பின்சீட்டுப் பெண்கள் பாட ஆரம்பித்து விட்டார்கள். நான் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய், நானே பொத்தானை அமுக்கினேன். "அக்காவுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று ஒரே சிரிப்பு. திரும்பி வந்து பார்த்தால் என் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் தன் மடியில் இருந்த தூக்குவாளியை எடுத்துக் கீழே வைத்து விட்டு, ஜன்னல் ஓரமாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.